புதுச்சேரியைச் சுற்றிப் பார்த்தல்: சுவர், பாதரட்சை, குடும்பப் பெயர்



நினைவுச் சொற்பொழிவுக்கு ஓர் ஊரைத் தலைப்பாக எடுத்தது ஏன் என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். காரணம் எளியது. ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவர்களில் ஒரு குழு புதுச்சேரிக்குப் போய்வருகிறது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கடற்கரைச் சாலை என்று அள்ளிக்கொண்டு வருகிற படங்களையெல்லாம் நாங்கள் பார்த்திருக்கிறோம். அழகான படங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் நம்முடைய ஆட்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்ன செய்தார்கள், எதைக் கேட்டார்கள், எதை மறுத்தார்கள் என்பதற்கு ஒரு படம்கூட அந்தத் தொகுப்புகளில் இல்லை. எங்களையே நாங்கள் குறை சொல்லிக்கொள்ள வேண்டிய இடம் இது. போகிறவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லி அனுப்பவில்லையே. அதைத்தான் இன்று சொல்ல முயல்கிறோம்.

வழக்கமான சுற்றுலா எங்கே தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெரிய வாய்க்கால். கிழக்கே கடல் வரைக்கும் வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பிரெஞ்சுக்காரர்களே ஒன்றை வெள்ளை நகரம் என்றும் மற்றொன்றைக் கறுப்பு நகரம் என்றும் அழைத்தார்கள். வழிகாட்டிகளும் இதைச் சொல்வார்கள். கட்டம் கட்டமாக வெட்டிய இந்தத் தெரு அமைப்பில் 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடத்துக்குப் பங்கு உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியதையும் அதன்பின் மறுபடி கட்டியதையும் சொல்வார்கள். எல்லாம் சரி. இந்த விவரிப்பில் ஊர் இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறது, வெள்ளையர் ஒரு பக்கம், தமிழர் ஒரு பக்கம்.

தமிழர் பகுதிக்குள் நடந்து தெருப்பலகைகளைப் படித்துப் பாருங்கள். வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு. கறுப்பு நகரம் என்பது ஒரே நிறத்தில் இருந்த நகரம் அல்ல. சாதிக்கு ஒரு தெரு என்று அடுக்கிய நகரம். அந்த அடுக்கில் பறையருக்கோ சக்கிலியருக்கோ பலகை கிடையாது. அவர்களுடைய சேரிகள் இந்தக் கட்டத்துக்கு வெளியே இருந்தன. ஆகவே புதுச்சேரியைப் பார்க்கிற தலித் மாணவர் பெரிய வாய்க்காலை மட்டும் எல்லையாகக் கொண்டால் முதல் அடியிலேயே வழி தவறிவிடுவார். இன்னோர் எல்லை மேற்கே, சாதித் தெருக்கள் முடிகிற இடத்தில் இருந்தது. அதற்கு வாய்க்கால் தேவைப்படவில்லை.

மிஷன் வீதியில் இருக்கிற சம்பா கோவிலுக்கு வருவோம். அமலோற்பவ மாதா பேராலயம் என்பது அதன் முறையான பெயர். இப்போதிருக்கும் கட்டடம் 1791இல் முடிந்தது. நாம் பேசப்போவது அதற்கு முன்பு இருந்த ஆலயத்தைப் பற்றி. ஐரோப்பியருக்குத் தனியாகக் கப்புச்சின் பாதிரிகளின் கோவில் இருந்தது, கப்ஸ் கோவில் என்று இன்றும் ஊரார் சொல்கிறார்கள். தமிழ்க் கிறித்தவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் சேசு சபையார். அந்தத் தமிழ்க் கிறித்தவர் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர், மறு பக்கம் மற்றவர்கள்.

இந்தச் சுவரைப் பற்றி எழுதி வைத்தவர் ஒரு பாதிரி அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சின் துபாஷ், வணிகர், 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதியவர். 1745 அக்டோபரில் அவர் எழுதிய பதிவைப் படித்தால் நடந்தது விளங்கும். பறையர் கிறித்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியிடம் கேட்கிறார்கள்: நாங்களும் கிறித்தவர்கள்தானே, எங்களுக்கு எதற்குத் தனித் தடுப்பு? பாதிரி சுவரை எடுக்கச் செய்கிறார். உடனே சாதிக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்து சண்டைக்குப் போகிறார்கள். விவகாரம் ஆளுநர் வரைக்கும் போகிறது.

பாதிரி ஏன் இறங்கி வந்தார் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பதிவைப் படித்தால் யாரோ ஒரு நல்ல பாதிரியின் கருணை என்று தோன்றிவிடும். 1703 முடிவில் தூர்னோன் என்கிற போப்பின் தூதர் புதுச்சேரிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். சேசு சபையார் உள்ளூர் சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார். 1704இல் இந்த ஊரிலிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர் கிறித்தவர்களின் வீட்டுக்குப் பாதிரிகள் நேரில் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதுவரை போகாமல் இருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். சாகக் கிடக்கிறவரைக் கட்டிலோடு வெளியே தூக்கிவந்து வைக்கச் சொல்கிற வழக்கம் இருந்த காலம் அது. ஆணையை நிறைவேற்றாமல் நாற்பது ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். மலபார் சடங்குச் சர்ச்சை என்று திருச்சபை வரலாற்றில் இது பெயர் பெற்றது. கடைசியில் 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் ஒரு மடலை வெளியிட்டுச் சர்ச்சையை முடித்தார். அப்போதும் ஒரு சமரசம் நுழைந்தது. பறையருக்கென்று தனியாகச் சில பாதிரிகளை ஒதுக்கிவிடுகிறோம் என்றார்கள் சேசு சபையார், ரோம் ஏற்றுக்கொண்டது.

1744இல் மடல். 1745இல் பறையர் கிறித்தவர்கள் கோவிலில் திரண்டு கேட்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரோமாபுரியில் எடுத்த முடிவைப் பற்றி அந்த மக்களுக்கு ஏதோ ஒரு வகையில் சேதி தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். ஊகம்தான், ஆனால் காரணமில்லாத ஊகம் அல்ல. தமிழ்நாட்டுத் தலித் போராட்டங்களின் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிப் பழகிவிட்ட நமக்கு, கூடிப் போய், காரணம் சொல்லி, ஒரு சுவரை எடுக்க வைத்த 1745ஆம் ஆண்டுச் சம்பவம் ஓர் இன்றியமையாத ஆவணம். அதை எழுதி வைத்தவருக்கு நம்மீது எந்தப் பரிவும் இல்லை. ஒரு சாதி இந்து கனவானின் வேடிக்கை கலந்த குறிப்பு அது. அதனாலேயே அதன் சாட்சியத்துக்கு வலு கூடுகிறது.

அதே நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பதிவொன்றையும் படித்தாக வேண்டும். ஆட்களை ஏமாற்றியும் தூக்கிக்கொண்டும் வந்து, ஒரு வீட்டில் அடைத்து, தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, விலங்கு போட்டுக் கப்பலில் ஏற்றிய கதை. பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடல் தீவுகளான இல் தெ பிரான்சுக்கும் புர்போனுக்கும், அதாவது இன்றைய மொரீசியசுக்கும் ரெயூனியனுக்கும், அடிமைகளைக் கொண்டுபோயின. கடற்கரையில் துய்ப்ளேக்ஸ் சிலை முன் நின்று படம் எடுக்கிறவர்கள் இதை நினைத்துக்கொண்டு எடுக்கட்டும். எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

அடிமை முறையை பிரான்சு 1848இல் ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலி முறை வந்தது. 1853இல் ஒரேலி என்கிற கப்பல் முதல் தொகுதிக் கூலிகளைக் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் இறக்கியது. மறு ஆண்டு 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பில் இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல், மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல் போனார்கள். ரெயூனியன் கணக்கு இவற்றைவிடப் பெரிது. புதுச்சேரியும் காரைக்காலும்தான் முக்கியமான ஏற்றுமதித் துறைகள். போனவர்களில் எத்தனையோ சாதியார் உண்டு. ஆனால் அவர்கள் கையோடு கொண்டுபோன தெய்வம் யார் என்று பாருங்கள். மாரியம்மன், மதுரைவீரன். மார்த்தினிக்கில் மதுரைவீரனை மால்தெவிதான் என்கிறார்கள். மொழியை மறந்த பிறகும் வீரனை மறக்கவில்லை. பிரெஞ்சு இந்தியப் பண்பாடு என்று காப்பிக் கடையில் விற்கப்படுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இனி பாதரட்சைக் கதை. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். நீதிபதி ஒப்பவில்லை. உள்நாட்டார் காலணியோடு வரக்கூடாது என்பது வழக்கம். பொன்னுத்தம்பி விடாமல் பாரீசில் இருக்கிற உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். புதுச்சேரிப் பெருமைகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கதை வேறு விதமாகவும் கேட்கும். வெள்ளைக்காரன் முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னபோது ஒரு வெள்ளாளருக்கு ஏற்பட்ட அவமானத்தைச் சட்டம் புரிந்துகொண்டது. வெள்ளாளர் தெரு முன்னால் செருப்பைக் கழற்றியவர்களின் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை.

போயிருந்தாலும் வென்றிருக்குமா? பிரெஞ்சு ஆட்சியின் சட்டம் எப்படி இயங்கியது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டம் சாதியை ஒழித்திருக்கும் என்று நம்புகிற மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1819 ஜனவரியில் வந்த ஆணை, இந்தியர்களை அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும்தான் விசாரிக்க வேண்டும் என்றது. இந்துவுக்கு மட்டுமல்ல, கிறித்தவருக்கும் இதே விதி. மாமூல் என்று அதற்குப் பெயர். மாமூல் எது என்று ஆலோசனை சொல்ல 1827இல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஒரு குழுவையும் அமைத்தார்கள். குடியரசு வந்தது, 1871 முதல் வாக்குரிமையும் வந்தது. மாமூல் மட்டும் அசையவில்லை. ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆண்டார், வீட்டுக்குள்ளும் தெருவிலும் சாதி ஆண்டது, இரண்டுக்கும் நடுவே உடன்பாடு இருந்தது.

இந்த உடன்பாட்டில் ஓட்டை போட்டது 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஓர் ஆணை. விரும்புகிற இந்தியர் எவரும் தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். ஓர் அதிகாரி முன்னால் அறிவித்தால் போதும். துறந்தால் திரும்ப முடியாது. துறப்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ரெனோன்சான், துறந்தவர் என்று அவர்களைச் சொன்னார்கள். முன்னால் நின்று துறந்தவர் அதே பொன்னுத்தம்பிதான், லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். வாயில் என்று பொருள். அந்த வாயில் வழியாகப் பின்னால் பெருமளவில் வந்தவர்கள் யார்? வெள்ளாளர்கள் இல்லை. தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சாதியாரும், அவர்களுள் கிறித்தவர்களும்தான்.

காரணம் வெளிப்படை. எதைத் துறக்கச் சொன்னது ஆணை? சாதி வழக்கத்தை. அது யாருக்குச் சொத்தோ அவர்கள் துறக்கத் தயங்கினார்கள். அது யாருக்குச் சுமையோ அவர்கள் இறக்கி வைத்தார்கள். பெயரைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடுகிற நாட்டில், சாதி தெரியாத ஒரு பெயரைத் தாமே தேர்ந்தெடுத்து அரசுப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிற வாய்ப்பு நம் முன்னோர்களுக்கு வேறெங்கே கிடைத்தது? புனிதர் பெயர், பழைய ரோமானியப் பெயர், பிரெஞ்சுச் சொற்கள், பொருள் கூடத் தெரியாத எழுத்துக் கோவைகள் எல்லாம் குடும்பப் பெயர்களாயின. வெளியூர் நண்பர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வெள்ளைக்காரன் மோகம் என்பார்கள். ஒருமுறை எங்கள் குழுவில் வந்த ஒரு மாணவியே அப்படிச் சொன்னார். இரண்டு தெரு தள்ளி, அப்படிப்பட்ட பெயர் கொண்ட ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிய பிறகு அந்த மாணவி எங்களிடம் வந்து, எங்கள் தாத்தா பெயரில் ஊர்க்காரர்கள் கடைசி வரைக்கும் 'அன்' விகுதி போட்டுக் கூப்பிட விடவில்லை என்றார். முதியவரின் பெயர் ஏன் அப்படி இருக்கிறது என்று அதன்பின் அவரிடம் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

துறந்தவர்கள் வென்றுவிட்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். சாதி இந்துக்கள் நடு சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் அரசியலைக் கையில் எடுத்தார்கள். ஊரார் அவரைச் சண்முகம் என்றார்கள், பிரெஞ்சு அதிகாரிகள் அவரைக் கேட்காமல் ஒன்றும் செய்யவில்லை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். துறந்தவர்கள் தொகையில் சிறியவர்கள், ஆனாலும் தனிப் பட்டியல் என்பதால் அவையில் அவர்கள் குரல் கேட்டது. 1899இல் அந்தத் தனிப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். தனி வாக்காளர் தொகுதி என்ற கேள்வி நமக்கு 1932 பூனாவில் தொடங்குகிறது. கிட்டத்தட்ட அதே வடிவத்தில், சாதியைத் துறந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் கொடுத்துப் பதினைந்தே ஆண்டுகளில் பறித்த அனுபவம் புதுச்சேரிக்கு அதற்கு முன்பே இருக்கிறது. நம் மாணவர்களில் யாராவது இதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் மகிழ்வோம்.

உள்ளூரில் இடம் இல்லை என்றதும் துறந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். இம்முறை கூலியாக அல்ல. பிரெஞ்சு இந்தோசீனாவில், குறிப்பாகச் சைகோனில், காவல்துறை, வரி, ராணுவம், எழுத்தர் வேலை. நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், ஐரோப்பியருக்கு உள்ள உரிமையும் சம்பளமும் எங்களுக்கும் வேண்டும் என்று அங்கேயும் வழக்காடினார்கள். இதிலே ஒரு நெருடல் உண்டு, மறைக்கக்கூடாது. சாதியிலிருந்து தப்பியவர்கள் வியட்நாம் மக்களை அடக்கிய ஆட்சியின் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் தப்பினார்கள். கடற்கரையில் 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவிடத்தின் முன் ஜூலை 14 அன்று பதக்கங்களோடு வந்து நிற்கிற முதிய சொல்தாக்களைப் பார்க்கும்போது எங்களுக்கு இரண்டு உணர்வும் சேர்ந்தே வருகிறது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டை எல்லாரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். அவர் பூணூல் போட்ட தலித் இளைஞர் ரா. கனகலிங்கம் இதே ஊர்க்காரர். பூணூல் போட்டதைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். போட்டுக்கொண்டவர் பின்னாளில் 'என் குருநாதர்' என்று தாமே ஒரு நூல் எழுதினார் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த நூலைப் படித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.

நகரின் தெற்கே பஞ்சாலைகள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டது, பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தப் போராட்டத்தைத் திரட்டிய வ. சுப்பையா, அரிசன சேவையிலும் 'சுதந்திரம்' இதழிலும் தொடங்கி 1934இல் காந்தியைப் புதுச்சேரிக்கு அழைத்து வந்தவர். ஆலைகளின் கூலி ஆட்களில் சேரி மக்களின் பங்கு என்ன என்பது இன்னும் எழுதப்படாத அத்தியாயம். ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. வேலை செய்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்தான், கேட்கிற காலம் குறைந்துகொண்டே வருகிறது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் நடைமுறை மாற்றம், 1962 ஆகஸ்டில் சட்டப்படியான மாற்றம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள், ஐயாயிரம் பேர் அளவில் கொடுத்தார்கள். இந்தியக் குடிமக்களான தலித்துகளுக்குப் பட்டியல் சாதிப் பட்டியல் 1964இல் வந்தது. பிரெஞ்சுச் சட்டம் சாதியை வழக்கம் என்று காப்பாற்றியதே தவிர, அதனால் இழந்தவர்களுக்கு ஈடு எதுவும் கொடுத்ததில்லை. ஆகவே அந்த 1964 ஆணையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டு சிக்கல்கள் அதிலிருந்தே வருகின்றன.

ஒன்று, கிறித்தவர்களுக்கு அதில் இடமில்லை. 1745இல் சுவரை எடுக்கச் சொன்னவர்களின் சந்ததி அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. இரண்டாவது, பூர்வீகம். புதுச்சேரி மாநிலத்தின் எல்லை ஒரே கோடு அல்ல. தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. சாலையின் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கிற ஊர்கள் உண்டு. கொள்வினை கொடுப்பினை எல்லாம் இரு பக்கமும்தான். 1964இல் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் குடியிருந்தது என்று கேட்டுச் சான்றிதழை முடிவு செய்கிறார்கள். பிறந்ததும் படித்ததும் புதுச்சேரியில் என்றாலும் தாத்தா அந்தப் பக்கத்தவர் என்பதால் புலம்பெயர்ந்தவர் என்ற முத்திரையோடு இடஒதுக்கீட்டுக்காக நடையாய் நடக்கிற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். பல வழக்குகளுக்கு இடம் கொடுத்த கேள்வி இது. இந்த அரங்கிலேயே அப்படி இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த பயணத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற வழித்தடத்தைச் சொல்லிவிடுகிறோம். காலையில் சம்பா கோவில். அங்கே 1745 அக்டோபர் பதிவை உரக்கப் படிக்க ஒருவர். பிறகு பெரிய மார்க்கெட் பக்கத்திலுள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை, உள்ளே விட்டால் பார்க்கலாம், விடாவிட்டால் வெளியே நின்று பேசலாம். வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு வழியாக நடந்து, தெருப்பலகைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மதியத்துக்குப் பின் சேரிப் பகுதிகளில் இரண்டு வீடுகள், பேச ஒப்புக்கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள், தேநீர்ச் செலவு மன்றத்துடையது. மாலை ஆலை வாசல். கடற்கரைக்குக் கடைசியில் போகலாம், படமும் எடுக்கலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.